முப்பத்தேழு டிகிரி

"அக்காவோட செல்லுகளுக்குப் பசி ஜாஸ்திங்ணா. ரெண்டு நாளைக்கு ஒருக்கா சாப்பாடு மாத்த வேண்டியிருக்குது," என்றார் ஆய்வக உதவியாளர் ரிஃபானா.

ஆய்வகத்தின் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தோம். அந்தப் பக்கம் ஃப்ரிட்ஜ் போல ஒரு பெட்டி. உள்ளே குளிர் இல்லை. முப்பத்தேழு டிகிரி. மனித உடம்பின் சூடு.

அதற்குள் ஒரு தட்டையான புட்டியில், வெளிறிய சிவப்பு நீரில், என் மனைவி ஹரிதாவின் இடது முழங்கால் வளர்ந்துகொண்டிருந்தது.

முழங்கால் என்று சொல்லக் கூடாது. அதன் குருத்தெலும்பிலிருந்து எடுத்த செல்கள்.

மூன்று வாரத்துக்கு முன் மூட்டின் ஓரத்தில் இரண்டு அரிசி மணி அளவு வெட்டி எடுத்தார்கள். இங்கே அதைப் பல லட்சமாகப் பெருக்குவார்கள். பிறகு கூழ் போன்ற ஒன்றில் கலந்து, மூட்டில் விழுந்திருக்கும் பள்ளத்தில் வைத்து அடைப்பார்கள். ஒரு வருடத்தில் அது அவளுடைய சொந்தக் குருத்தெலும்பாகவே இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பள்ளம் சட்டைப் பொத்தான் அளவு. வள்ளி கும்மியாட்டப் பயிற்சியில் வந்தது. சோமனூரில் ஒரு மைதானத்தில், திரும்பி அடி வைக்கும்போது உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை.

அன்று அவளைத் தாங்கிப் பிடித்துக் காரில் ஏற்றினேன். பாதி வழியில் சிரித்தாள்.

"ஏனுங்க, நான் வந்துட்டேன். காலு இன்னும் அங்கயேதான் ஆடிட்டு இருக்குது."

இன்று காலை ஆய்வகத்திலிருந்து அவள் போனுக்கு அழைப்பு வந்தது. நான் எடுத்தேன். செல்கள் தயார், அறுவைக்கு நாள் குறிக்க வேண்டும், மாலைக்குள் சொல்லாவிட்டால் வைத்திருக்க முடியாது என்றார்கள்.

வீடு முழுக்க ஆட்கள். வாசலில் பந்தல். இரண்டாவது பந்தி நடந்துகொண்டிருந்தது. யாரிடமும் சொல்லாமல் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன்.

அதற்கு ஒரு படிவம் இருந்தது. கையெழுத்துப் போட்டால் புட்டியில் பிளீச்சிங் கரைசலை ஊற்றுவார்கள். பத்து நிமிடம் போதுமாம். ரிஃபானா படிவத்தை மேசையில் வைத்தார். அதன் மேல் பேனாவை வைத்தார்.

அக்காவுக்கு ஆபரேஷன் என்றால் பயமா என்று கேட்டார். எல்லோரும் கடைசி நேரத்தில் பயப்படுவார்களாம்.

என் புது வேட்டியைப் பார்த்தார். ஓரத்தில் மஞ்சள் ஈரம் காயவில்லை. வீட்டில் விசேஷமா என்றார். ஆமாம் என்றேன். அதனால்தான் அக்கா வரவில்லையா என்றார். ஆமாம் என்றேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று சொல்லித் திரையை என் பக்கம் திருப்பினார்.

நேற்றைய பகல் முழுவதையும் ஒரு நிமிடமாகச் சுருக்கிய படம் அது.

முதலில் சாம்பல் வெளிச்சம் மட்டும். பிறகு அதில் மெல்லிய உருவங்கள். மூன்று கை, நான்கு கை நீட்டிக்கொண்டு. ஒன்றை ஒன்று தொட்டன. விலகின. மறுபடி தொட்டன.

போன வருடம் கும்மி அரங்கேற்றத்தை ட்ரோனில் படம் பிடித்திருந்தார்கள். மேலிருந்து பார்த்தால் ஐநூறு பெண்களும் ஒரே நிறச் சேலை, ஒரே அடி. அதில் ஹரிதா எங்கே என்று நான் பல முறை தேடியிருக்கிறேன். ஒரு முறையும் கண்டுபிடித்ததில்லை.

இங்கே தேட வேண்டியதில்லை. எல்லாமே அவள்.

ஒன்று தன் கைகளை மடக்கிக்கொண்டு உருண்டையானது. லேசாக நடுங்கியது. இரண்டானது. இரண்டும் எதிரெதிரே ஒரு கணம் நின்றன. பிறகு ஆளுக்கொரு பக்கம் நகர்ந்து வட்டத்தில் சேர்ந்துகொண்டன.

திரையின் மூலையில் நேரம் ஓடியது. நேற்று காலை ஒன்பது. நேற்று மதியம் இரண்டு. நேற்று மாலை ஆறு.

நேற்று.

எனக்கு அழுகை வரவில்லை. கொஞ்ச நாளாக எதுவும் வருவதில்லை.

"குருத்தெலும்புக்கு நரம்பே கிடையாதுங்ணா. ரத்தக் குழாயும் இல்லை. உடம்புல என்ன நடந்தாலும் இதுக்குச் சேதி போகாது," என்றார் ரிஃபானா.

படம் முடிந்தது. மறுபடி காலை ஒன்பதிலிருந்து ஓடியது. மறுபடி கைகள் நீண்டன.

பேனாவை எடுத்து ஓரமாக வைத்தேன். படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

வியாழக்கிழமை என்றேன்.

ரிஃபானாவின் முகம் மலர்ந்தது. ஒரு சீட்டில் ஹரிதா, இடது முழங்கால், வியாழன் என்று எழுதினார். கண்ணாடிக்கு அப்பால் இருந்தவரிடம் அதைக் காட்டினார். அவர் பெட்டியின் கதவைத் திறந்து, புட்டியைப் பார்த்து, மறுபடி மெதுவாக மூடினார். அதுவரைக்கும் சாப்பாடு தவறாது, நீங்கள் கவலைப்படாதீர்கள் என்றார் ரிஃபானா.

வாசல் வரை கூடவே வந்தார்.

"போயிட்டு வாங்கண்ணா. அடுத்த தடவ அக்காவையும் கூட்டிட்டு வாங்க."

செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றேன்.

பதினாறு நாளாக எங்கள் வீட்டுக்கு எத்தனையோ பேர் வந்தார்கள். புறப்படும்போது ஒருவரும் 'வாரேன்' என்று சொல்லவில்லை. இன்று காலை இந்தக் கோடி வேட்டியை என் தோளில் போட்டுவிட்ட மாமனாரும், பந்தலைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு சொல்லாமல்தான் போனார். சாவு விழுந்த வீட்டில் அதைச் சொல்லக் கூடாது.

"வாரோமுங்க," என்றேன்.