காதுப் பாடம்

“காது!”

யூனிஸ் டீச்சர் அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னாள். கணக்கில் தப்புப் போட்ட தாட்சாயணி மறுபேச்சில்லாமல் எழுந்து, தன் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட ஆரம்பித்தாள்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் தோப்புக்கரணமா என்று தலைமையாசிரியர் வேதநாயகம் ஒருநாள் முகத்தைச் சுளித்தார். அதோடு சரி.

டிரெயினிங் முடித்துச் சித்தூரிலிருந்து வந்தபோது யூனிஸுக்கு எல்லாம் தலைகீழ்ப் பாடம். பிள்ளை தானே செய்து பார்த்துக் கற்க வேண்டும். பாராட்டினால் படிப்பு ஒட்டும், பயந்தால் உதிரும். பரீட்சையில் இதையெல்லாம் ஆறு பக்கம் எழுதி முதலாவதாகத் தேறியவள்.

ஆனால் பரீட்சைத் தாளில் ஒரே அறைக்குள் இரண்டு வகுப்பு இல்லை. ஐம்பத்திரண்டு பிள்ளைகள் இல்லை. விடியக்காலையில் வேர்க்கடலை பிடுங்கிவிட்டு வந்து, பெஞ்சிலேயே தூங்கி விழும் தலைகளும் இல்லை.

முதல் மாதம் பாராட்டிப் பார்த்தாள். இரண்டாம் மாதம் தொண்டை கட்டிக்கொண்டது. மூன்றாம் மாதம் ‘காது’ வந்துவிட்டது. பிரம்பைத் தொடவில்லையே என்று மட்டும் மனசைத் தேற்றிக்கொண்டாள்.

வேதநாயகம் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

“அம்மா யூனிஸ், இன்ஸ்பெக்டர் வந்துக்கினு இருக்கார். வண்டி கோயிலாண்ட திரும்பிடுச்சி. உன் சர்டிபிகேட்ல அவர் கையெழுத்துப் போட்டாத்தான் இந்த வேலை நிலைக்கும். பிள்ளைங்கள பயமுறுத்தினா மனுஷனுக்கு ஆகாது. போன மாசம் ஒரு வாத்தியாரை வீட்டுக்கே அனுப்பிட்டார், தெரியுமில்ல?”

“தெரியும் அய்யா.”

பேசக்கூடத் தெம்பில்லை அவளுக்கு.

இன்ஸ்பெக்டர் நாகபூஷணம் தெலுங்குக்காரர். தமிழ் நன்றாகவே பேசுவார். அவசரத்தில் மட்டும் தெலுங்கு வந்து விழும்.

“பிரம்பு எங்கேம்மா?” என்று கேட்டுக்கொண்டே வகுப்புக்குள் வந்தார்.

“இல்லீங்க.”

“பேஷ்! பயம் ரொம்பப் பொல்லாதது. தினம் மணியடிச்சி நாய்க்குச் சோறு வெச்சா, அப்புறம் சோறே இல்லாட்டியும் மணிச் சத்தத்துக்கு எச்சில் ஊறும். பயமும் அப்படித்தான், சத்தத்துல ஒட்டிக்கும். படிச்சிருப்பியே?”

“படிச்சேனுங்க.”

அவர் கண் முன்வரிசைச் செங்கம்மாமேல் போய் நின்றது. அந்த வகுப்பிலேயே அதிகம் தோப்புக்கரணம் போட்டவள் செங்கம்மாதான்.

“ஏழும் எட்டும் எத்தனை, பாப்பா?”

“பதினாறு.”

“காது, காது!” என்றார் இன்ஸ்பெக்டர்.

‘அது இல்லை’ என்பதற்குத் தெலுங்கில் அதுதான் வார்த்தை.

ஐம்பத்திரண்டு பிள்ளைகளும் சடாரென்று எழுந்து காதைப் பிடித்துக்கொண்டார்கள். பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவள்கூட, கண்ணைத் திறக்காமலே.

இன்ஸ்பெக்டர் முகம் மாறியது.

“என்னம்மா இது? நான் ஒரு வார்த்தை சொன்னா இதுங்க ஏன் காதைப் புடிக்குது?”

வேதநாயகம் தரையைப் பார்த்தார். யூனிஸுக்கு உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றுகூட இருந்தது. வேலை போனால் போகட்டும், இந்தத் தொண்டைக்காவது ஓய்வு கிடைக்கும்.

“பாட்டுங்க அய்யா!”

செங்கம்மாதான்.

“டீச்சரம்மா சொல்லிக் குடுத்தாங்க. காதுன்னா காதைத் தொடணும். மூக்குன்னா மூக்கைத் தொடணும். பாக்கறீங்களா?” என்றவள் வகுப்பைப் பார்த்துத் திரும்பிக் கத்தினாள்: “மூக்கு!”

ஐம்பத்திரண்டு கைகளும் மூக்குக்குப் போயின.

“வாயி!”

வாய்க்குப் போயின.

“தாட்சாயணி, அது மோவாய்டி! வாயைத் தொடு!”

இன்ஸ்பெக்டர் தொப்பை குலுங்கச் சிரித்தார்.

“அதானே பார்த்தேன்! செஞ்சு கத்துக்கிறது! இதைத்தானே நான் ஊர் ஊராப் போய்ச் சொல்றேன், ஒருத்தர் கேக்கறாங்களா?”

சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டார். ‘பயமறியாத வகுப்பு’ என்று பார்வையாளர் புத்தகத்தில் எழுதினார். வண்டி ஏறிவிட்டார்.

சத்தம் ஓய்ந்ததும் யூனிஸ், செங்கம்மா பக்கத்தில் பெஞ்சிலேயே பொத்தென்று உட்கார்ந்தாள்.

“ஏன்டி, அந்தப் பாட்டை நான் என்னைக்குடி சொல்லிக் குடுத்தேன்? பெரியவங்ககிட்ட இப்படிப் பொய் சொல்லலாமா?”

செங்கம்மா டீச்சர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“நாளைக்குச் சொல்லிக் குடுத்துட்டீங்கன்னா அது பொய் இல்லையே, டீச்சரம்மா?”