ஒரு மடல் கற்றாழை

"கேட்டைத் திறங்கக்கா. மாட்டுக்கு மடி கல்லு மாதிரி வீங்கிக் கிடக்கு" என்றார் தையல்காரர்.

திறக்கவில்லை. மருந்தக்கா உள்ளே, தன் மாட்டுக்கொட்டகை வாசலை மறைத்தாற்போல் நின்றிருந்தாள். தெருவில் எந்த மாட்டுக்கு என்ன வந்தாலும், கூப்பிடும் முன்பே பச்சிலையோடு வந்து நிற்பவள். அதனால் வந்த பெயர் அது.

"தொட்டா சுடுதா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"சுடுது. கறந்தா திரிதிரியா வருது. கன்னு பொறந்து பன்னிரண்டு நாள்தான் ஆகுது, அது வாய் வச்சாலே உதைக்குது. மாட்டு டாக்டர் லீவாம், வியாழக்கிழமைதான் வருவாராம். இன்னிக்கு திங்கள். அதுவரைக்கும் மடி தாங்காது. நீங்க ஒரு எட்டு வந்தீங்கன்னா..."

"நான் வரலை."

தையல்காரர் கேட்டை ஆட்டிப் பார்த்தார். பூட்டியிருந்தது.

"மருந்து சொல்றேன், நீயே அரைச்சுப் போடு. ஒரு மடல் கற்றாழை, ஒரு கைப்பிடி மஞ்சள்தூள், பாக்களவு சுண்ணாம்பு. அரைச்சா செங்கல் நிறத்துக்கு வரணும். கெட்ட பாலை ஒட்டக் கறந்து கொட்டு. மடியைக் கழுவிட்டுத் தண்ணியா கரைச்சுத் தடவு. ஒரு நாளைக்குப் பத்து தடவை."

"பத்தா?"

"பத்து."

மதிலோரம் கற்றாழை புதராக மண்டிக் கிடந்தது. தையல்காரர் கம்பி இடுக்கில் கையை விட்டார்.

"அதுல கை வைக்காத." குரல் சுள்ளென்று வந்தது. "என் வீட்டுலேர்ந்து ஒரு இலைகூட வெளியே போகக் கூடாது. வேற எங்கயாவது பாரு. கிளம்பு."

வீட்டில் மனைவி நம்பவில்லை.

"ஒரு மடல் தர மாட்டேன்னாங்களா? அக்காவா? நீங்க என்ன பண்ணி வச்சீங்க?"

"நான் என்ன பண்ணினேன்? போன மாசம் அவங்க ஜாக்கெட்டுக்குக் கை கொஞ்சம் பிடிச்சுத் தச்சுட்டேன்."

"கொஞ்சமா? கையைத் தூக்கவே முடியலையாம். ஆனா சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க."

"சிரிக்கிறவங்கதான் மனசுல வச்சுக்குவாங்க."

தபால் ஆபீஸ் வாசலில் இருந்த தொட்டியில், காவலாளி அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து நான்கு மடலை ஒடித்து வந்தார். அரைத்தால் செங்கல் நிறம் வரவில்லை. கிண்ணத்தோடு மறுபடி ஓடினார்.

"இந்த நிறம் சரியா, பாருங்கக்கா."

"கிட்ட கொண்டு வராத. அங்கயே நின்னு வாயால சொல்லு."

"மஞ்சளாத்தான் இருக்கு."

"சுண்ணாம்பு பத்தலை." உள்ளே போய்விட்டாள்.

"கண்ணெல்லாம் சிவந்து, மூஞ்சி வீங்கியிருந்துச்சு. நல்லாத் தூங்கி எழுந்திருப்பாங்க போல" என்றார் மனைவியிடம். "இங்க ஒரு உசிரு துடிக்குது."

கடையைப் பூட்டினார். அன்றிலிருந்து மூன்று நாள், மாட்டின் காலை மனைவி கட்டிப் பிடித்துக்கொள்ள, அவர் தடவினார். இரண்டு முறை உதை வாங்கினார். ஒரு முறை கிண்ணமே அவர் தலையில் கவிழ்ந்தது.

"கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்றாள் மனைவி.

புதன்கிழமை மாலை மாடு அசையாமல் நின்றது. கன்று முட்டி முட்டிக் குடித்தது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வரட்டுமா?"

"அந்தப் பக்கம் போனா என்கூடப் பேசாதே."

"அவங்க மருந்து மட்டும் வேணும், அவங்க வேணாம். நல்லா இருக்குங்க நியாயம்."

வியாழக்கிழமை காலையிலேயே டாக்டர் வந்துவிட்டார். மடியை அழுத்திப் பார்த்தார்.

"நல்லா வத்தியிருக்கே. யார் வைத்தியம்?"

"எங்க தெருவுல ஒரு மகராசி. திங்கக்கிழமை காலையில போய்க் கெஞ்சினேன். வாசலைத் தாண்டி வரலை. ஒரு இலை தரலை. பூட்டின கேட்டுக்கு உள்ள நின்னு வாயால மட்டும் வைத்தியம் பார்த்தாங்க."

கை கழுவிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்தார்.

"அவங்க போன் பண்ணித்தான் இவ்வளவு சீக்கிரம் வந்தேன். 'முதல்ல தையல்காரர் மாட்டைப் பாருங்க, அதுக்கப்புறம் எங்க வீட்டுக்கு வாங்க, மாத்தி வந்துடாதீங்க'ன்னு ரெண்டு தடவை சொன்னாங்க."

"அவங்க வீட்டுல என்ன?"

"கோமாரி. வாயெல்லாம் புண்ணு, குளம்பெல்லாம் புண்ணு. செருப்புல வரும், துணியில வரும், ஒரு இலையில ஒட்டிக்கிட்டுக்கூட வரும். பெரிய மாடு எப்படியும் எழுந்துடும். பச்சைக் கன்னு தாங்காது."

தையல்காரர் தன் கன்றைப் பார்த்தார். மனைவி வாசல் பக்கம் நகர்ந்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஓடிப் போய்க் கூட நின்னிருப்போமே."

"அதுக்குத்தான் சொல்லலை. இப்பவும் போகாதீங்கம்மா." டாக்டர் பையை மூடினார். "திங்கக்கிழமை இவர் போய்க் கூப்பிட்டப்ப, அவங்க கன்னு செத்து ஒரு மணி நேரம்கூட ஆகலையாம்."