கணவாயில் ஒதுங்கிய குதிரைகள்

அருள்தாஸ் அண்ணனின் ஈட்டிக்காரர்கள் என் ராஜாவின் கூடாரத்துக்குள் நுழைந்துவிட்டார்கள். ஆட்டம் முடிந்தது.

பாண்டிய ராஜா என்று பெயர்தான் பெரிது, ஆள் கட்டைவிரல் உயரம். அவரைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டபோது எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

வெறும் ஆட்டமென்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். நான் பந்தயம் கட்டியிருந்தது வேன் வேலைக்கு.

அண்ணனிடம் இரண்டு பள்ளிக்கூட வேன்கள் உண்டு. ஒன்றின் டிரைவர் திருப்பூருக்குப் போய்விட்டதும் நான் போய் வேலை கேட்டேன். பூம்பாறையிலிருந்து கொடைக்கானலுக்குப் பூண்டு மூட்டை ஏற்றிப் போகும் பிக்கப்பை ஓட்டுகிறவள் நான். எந்த வளைவில் பனிமூட்டம் படுத்துக் கிடக்கும் என்பதுவரை தெரியும். ஆனால் என் துப்பட்டா தொடங்கித் தலையணைவரை பூண்டு வாசம். கல்யாண வீட்டுப் பந்தியில் என் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. அதுகூடப் பரவாயில்லை, மூட்டைகள் பேசாது. எனக்குப் பேச ஆள் வேண்டும். பிள்ளைகளென்றால் இன்னும் நல்லது.

"பாப்போம்" என்றார் அண்ணன். அடுத்த வாரமும் அதையே சொன்னார். எனக்குப் பொறுமை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் நான் ஜெயித்தால் வேன் சாவியைத் தர வேண்டும் என்று சவால் விட்டேன். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

ஞாயிறு மத்தியானம் அவருடைய வேன் ஷெட்டில் போர் நடப்பது வழக்கம். ஊரைவிட்டுப் போன ஒரு வாத்தியார் கொடுத்துவிட்டுப் போன ஈயப் பொம்மைகள். அண்ணன் உட்கார்ந்து பெயின்ட் அடித்து, பாதியைப் பாண்டியர்களாகவும் பாதியை ஹொய்சாளர்களாகவும் ஆக்கிவிட்டார். மலைகள் தெர்மக்கோல். ஸ்கேல் வைத்து அளந்து படையை நகர்த்த வேண்டும், பகடை உருட்டி அடிக்க வேண்டும்.

இன்றைக்கு நான் ஜெயித்திருக்க வேண்டும். கணவாயின் உச்சியில் என் குதிரைப்படை நின்றது. கீழேயிருந்து அவருடைய ஈட்டிக்காரர்கள் ஒற்றை வரிசையில் ஏறி வந்தார்கள். மேலேயிருந்து பாய்கிற படைக்கு ஒரு பகடை கூடுதல். வேடிக்கை பார்க்க வந்த பேக்கரி முத்துராஜ் எனக்காகக் கைதட்டத் தயாராகிவிட்டார்.

நானோ குதிரைகளைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்து, பாதை அகலமான இடத்தில் ஓரமாக வரிசை கட்டி நிறுத்தினேன். ஈட்டிக்காரர்கள் அவற்றைத் தாண்டி நேரே ராஜாவிடம் போய்விட்டார்கள்.

"குதிரைக்கு வயித்து வலியா?" என்றார் முத்துராஜ்.

அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. தோற்றவர் எங்கே தப்பு செய்தோம் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் பொம்மைகளைப் பெட்டியில் வைக்கலாம்.

"சொல்லுத்தா, எங்கன தப்பு?" என்றார் அண்ணன்.

மேசையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பகடை சரியாகத்தான் விழுந்தது. அளவிலும் பிசகு இல்லை. அந்தக் குதிரைகளை மட்டும் யோசித்து நகர்த்திய ஞாபகமே இல்லை, கை தானாகப் போயிருந்தது.

"அவங்க ஏறி வந்துக்கிட்டு இருந்தாங்கண்ணே. எறங்குறவங்கதான ஒதுங்கி நிக்கணும்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. மலைப்பாதையில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். தினமும் பூண்டு மூட்டைகளோடு நான் செய்கிற காரியம். இன்றைக்குப் பாண்டியர் குதிரைப்படையையும் பிக்கப் மாதிரியே ஓரம் கட்டியிருக்கிறேன்.

முத்துராஜ் சிரித்துச் சிரித்துப் பழைய டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வேலை போனது போனதுதான், ஆனால் பாடம் படித்தாயிற்று. அடுத்த வாரம் எவன் ஏறி வந்தாலும் பாயத்தான் போகிறேன் என்று அறிவித்தேன்.

"மேசையில நல்லாப் பாஞ்சுக்க. ரோட்டுல இப்பிடியே இரு" என்றார் அண்ணன்.

சட்டைப்பையிலிருந்து வேன் சாவியை எடுத்துக் கணவாய் நடுவில் வைத்தார்.

நான் தோற்றுவிட்டேனே என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் குதிரைகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வெள்ளனே வந்துரு. மொத ஸ்டாப்புல எம் மக நிப்பா. இப்பத்தான் எல்கேஜி சேத்துருக்கேன்."