பழைய திட்டு

அவன் கன்னத்தில் ஒட்டியிருந்த கம்பிகளோடு இணைந்த கருவி விடாமல் 'பீப்' அடித்தது. தசை இறுகினால் கத்தும், தளர்ந்தால் அடங்கும்.

"போன வாரம் சத்தமே வரலையே. கன்னத் துடிப்பும் நின்னுடுச்சு, பேச்சுல திக்கலும் போயிடுச்சு. இன்னைக்கு வேணும்னே இறுக்குறீங்களா?" என்றாள் பயிற்சி தருபவள்.

"ஆமா மேடம். பழையபடி துடிக்க வைக்க முடியுமா?"

"ஆறு மாசம் பட்ட பாடு வீணாப் போகவா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்பாவுக்கு ஞாபகம் போயிட்டு இருக்கு. எங்க பேரெல்லாம் மறந்துட்டாரு. ஆனா என் கன்னம் துடிச்சு, நான் திக்கினா மட்டும், 'மூஞ்சியக் கோணாம பேசுடா'ன்னு திட்டுவாரு. சின்ன வயசுலேர்ந்து வாங்கின திட்டு."

"இப்ப?"

"நேத்து அவர்கிட்ட திக்காம பேசினேன். எழுந்து நின்னு, 'வாங்க சார், யாரைப் பார்க்கணும்?'னு கேட்டாரு."