நாற்பத்தெட்டு டிகிரி

"பேரையூர் சோலார்க்காரங்க, நாம செஞ்ச கம்ப்யூட்டர் வெயில் சூடு தாங்கும்னு நம்மகிட்ட சர்டிபிகேட் கேக்குறாங்க. இல்லாட்டி ஆர்டர் கேன்சலாம். இந்த நேரம் பாத்து டெஸ்ட் பண்ற ஹீட்டர் பெட்டி புகைஞ்சு போச்சே!"

அவனியாபுரம் பட்டறையில் முதலாளி துளசிராம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"கவலைய விடுங்கண்ணே, வேற இடம் இருக்கு," என்று கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனான் மெக்கானிக் அழகுபாண்டி.

மறுநாள் சாயங்காலம், தெர்மாமீட்டரோடு எடுத்த போட்டோக்களை நீட்டினான். நாற்பத்தெட்டு டிகிரியில் நாலு மணி நேரம். கம்ப்யூட்டர் அசரவே இல்லை.

"நாப்பத்தெட்டா! மனுசன் இருந்தா அவிஞ்சுருவானேய்யா!" துளசிராம் பூரித்துப்போய்க் கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தினார். "ஆமா, எந்த லேப்ல வச்ச?"

"லேப் இல்லண்ணே. காத்து பிச்சுக்கிட்டு வரும், ஃபேன் எதுக்குன்னு சொல்லி எனக்கு வாடகைக்கு விட்டீங்களே, உங்க வீட்டு மாடித் தகர ரூம், அங்கதான்."