சட்டைப்பையில் பத்திரமாக

கழற்றிய டிஸ்க்கைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "அத்தான் என் நெஞ்சுமேல பத்திரமா இருக்காருக்கா, போதுமா?" என்றான் தம்பி.

அக்கா சிரிக்கவில்லை.

லேப்டாப் சர்வீஸ் செய்பவனுக்கு இது பழக்கம். இரண்டு டிஸ்க் இருந்தால், அழியக் கூடாததை முதலில் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வான். அப்புறம் மிச்சமிருப்பதில் கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்க்கலாம்.

அத்தான் இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அவர் பேசியது, பாடியது, கேமராவைப் பார்த்து அக்காவைக் கிண்டல் செய்தது, எல்லாம் பழைய டிஸ்க்கில்தான். அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டால், அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் அக்கா எழுந்திருக்க மாட்டாள்.

இப்போது வீட்டிலிருந்தே பார்க்கிற கணக்கு வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. அதற்கு வேறு சிஸ்டம் வேண்டுமாம். பழசு இருந்தபடி இருக்கட்டும், பக்கத்திலேயே புதுசையும் போட்டுக் கொடு என்றாள்.

போன வாரம்தான் வந்து இரண்டாவது டிஸ்க்கைப் பொருத்திவிட்டுப் போனான். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, அச்சு அசலாக இரட்டைப் பிள்ளைகள். குழம்பிவிடக் கூடாதென்று அக்காவின் நகப்பூச்சை வாங்கிப் பழசின் மேல் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தான். ஒரு காப்பி எடுத்து வைக்கிறேனே என்று கெஞ்சியும் பார்த்தான். வேண்டவே வேண்டாம் என்றுவிட்டாள்.

இன்று திறக்கும்போது அடிமூடியில் ஒரு ஸ்க்ரூவைக் காணோம். போன வாரம் போட மறந்துவிட்டோம் போலிருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டான். பொட்டு மட்டும் நேற்று வைத்த மாதிரி பளபளவென்றிருந்தது. அதைக் கழற்றிப் பையில் போட்டான்.

முழு டிஸ்க்கையும் அழிக்கவா என்று கேட்டது திரை. தாராளமாக என்று தட்டினான்.

புது சிஸ்டம் ஜம்மென்று வந்து நின்றது. பையில் இருந்ததைத் திரும்ப மாட்டித் திறந்தான்.

காலி.

கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினான். காலியேதான். யார் கையும் படாத புது டிஸ்க்.

அப்படியானால் அழிந்தது?

அடக் கடவுளே! ஊரார் போட்டோவையெல்லாம் மீட்டுக் கொடுத்தவன், சொந்த அக்கா தலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டானே! அதன் மேல் புதுசை எழுதியாயிற்று. இனி யாராலும் மீட்க முடியாது. எந்த முகத்தோடு அவளிடம் சொல்வான்?

"அக்கா... நான்..." என்று ஆரம்பித்தான். அழுகைதான் வந்தது.

அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள். அவள் கண்ணும் நிறைந்திருந்தது.

"அழாதடா. எனக்கு அழிக்கக் கை வரல. உன்கிட்ட சொல்லியிருந்தா, நீ இன்னும் ரெண்டு காப்பி எடுத்து ஒளிச்சு வெச்சிருப்பே."

அவன் ஒன்றும் புரியாமல் விழித்தான்.

அக்கா அவன் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் அந்த ஸ்க்ரூவை வைத்தாள்.