சுவரில் ஒட்டிய தங்கப் பூ

“இந்த பாத்ரூம்லயாம்மா குளிக்கிறீங்க?” அக்கா ஆலியாவை முதலில் பெண் பார்க்க வந்த பையனின் தாய், தங்கை ஹஃப்ஸாவிடம் கேட்டது இது. அவர்கள் திரும்பி வரவேயில்லை. இன்று இரண்டாவது வீட்டார் வந்திருக்கிறார்கள். காரை பெயர்ந்த பாத்ரூம் சுவரை ஹஃப்ஸா நான்கு நாளாக அலங்கரித்திருக்கிறாள். காலி அத்தர் சீசாக்களில் மணிபிளான்ட் துளிர்த்து நிற்கிறது. சோப்பு வைக்க, முக்கொம்பில் பொறுக்கிய கூழாங்கற்கள் ஒட்டிய சிரட்டை. பழைய கல்யாணப் பத்திரிகைகளிலிருந்து வெட்டிய தங்கப் பூக்கள் கதவு வரை ஏறுகின்றன. “பாக்க வர்றது என்னையா, உன் பாத்ரூமையாடி?” என்று காலையில்கூட ஆலியா சிரித்தாள்.

மாலை அஸர் தொழுகைக்குமுன் கைகால் முகம் கழுவி ஒளு செய்ய மாப்பிள்ளையின் அம்மா உள்ளே போகிறார். “யாரும்மா செஞ்சது, அழகா இருக்கே.” “நான்தாங்க மாமி,” என்கிறாள் ஹஃப்ஸா, துண்டோடு வாசலில் நின்று. குழாய்ச் சத்தம் சட்டென்று நிற்கிறது. கம்பி ஜன்னல் வழியே சாய்ந்த வெயில், கழிப்பறைக் கோப்பைக்கு மேலிருக்கும் பூவில் விழுகிறது. அது பூவல்ல. பத்திரிகையின் உச்சியில் பூப்போல வளைத்து எழுதிய பிஸ்மில்லாஹ், ‘அல்லாஹ்வின் பெயரால்’ என்ற அரபு வரி. அல்லாஹ்வின் பெயர் பொறித்த மோதிரத்தைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு நுழைகிற இடம் இது. “மாமி, நான் கவனிக்கலைங்க...” அவர் ஈரக் கையைச் சேலையில் துடைத்து, காகிதத்தைக் கிழியாமல் உரித்து, கண்ணில் ஒற்றி ஹஃப்ஸாவின் உள்ளங்கையில் வைக்கிறார். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டு, ஆலியா நீட்டும் டீயை வாங்காமல் கடந்து, படியிறங்கிப் போகிறார்.